ஒரு சொல் ரயிலேற்றிவிட்ட பாப்பம்மாள்

டெல்லி முனிர்காவின் குறுகலான சந்து ஒன்றில், இரண்டாம் மாடியிலிருந்து மத்தியானம் ரசம் கொதிக்கிற வாசனை வந்தால் அது பாப்பம்மாள் வீடு. பெருந்துறைப் பக்கம் சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் சமைத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் சிந்து, அப்போது டெல்லியில் ஆராய்ச்சி மாணவி. ஆறு வருஷத்துக்கு முன் அந்த போன் வரும்வரை டெல்லிக்கு வரும் யோசனையே அவருக்கு இருந்ததில்லை.

"இப்ப ட்ரக்ஸ்லதாம்மா இருக்கேன். சாப்பாடு, தூக்கமெல்லாம் அப்புறந்தான்" என்றாள் சிந்து. அதோடு சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

முந்தின வாரம்தான் மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு போலீஸ் அம்மா பேசியிருந்தார். ட்ரக்ஸ் என்றால் போதைப்பொருள். அதில் விழுந்த பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள், தூங்கமாட்டார்கள், போனை எடுக்கமாட்டார்கள். மூன்றும் பொருந்தின. பாப்பம்மாள் யாரிடமும் சொல்லாமல் ஈரோட்டில் ரயிலேறினார். ஒரு வார்த்தை இந்தி தெரியாது. முகவரி எழுதிய தாளை ஆட்டோக்காரரிடம் நீட்டியே முனிர்கா வந்து சேர்ந்தார்.

கதவைத் திறந்தது மகளின் அறைத்தோழி ஸ்நேஹா. பாப்பம்மாள் நேரே உள்ளே போய்த் தலையணையைத் தூக்கினார், அலமாரியைக் கலைத்தார். ஒரு டப்பாவில் வெள்ளைத்தூள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். குளுக்கோஸ்! சிந்து வந்தபோது அம்மா கட்டிலடியில் பாதி நுழைந்திருந்தார்.

"என்னம்மா தேடற?"

"நீ திங்கற கருமத்த! நீதான சொன்ன, ட்ரக்ஸ்ல இருக்கேன்னு?"

சிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காசநோய்க்கு மருந்து தேடற லேப்ல இருக்கேம்மா. இங்கிலீஷ்ல மருந்தும் ட்ரக்குதான், கஞ்சாவும் ட்ரக்குதான்."

"உசுரக் காக்கறதுக்கும் கெடுக்கறதுக்கும் ஒரே பேரா? எவன்டி வெச்சான்?"

"நாம மட்டும் என்னவாம்? மஞ்சக்காட்டுக்கு அடிக்கறதும் மருந்து, காச்சலுக்குக் குடிக்கறதும் மருந்து. மாமாவுக்கு மருந்து வெச்சு மயக்கிட்டான்னு அத்தையத் திட்டறது யாரு?"

பாப்பம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கூடச் சிரித்துக்கொண்டிருந்த ஸ்நேஹா மட்டும் சட்டென்று வெளியே போய்விட்டாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், அப்பாவுக்கு போபாலுக்கு மாற்றலாகிவிட, இங்கே தனியாகத் தங்கி அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை தோசைக்கல் பக்கத்தில் வந்து நின்று, தானாகவே சொன்னாள். கண்விழித்துப் படிக்க ஒரு மாத்திரை, பிறகு தூங்க ஒரு மாத்திரை. தெரிந்தவர் ஒருவர் வாங்கித் தந்தது. எட்டு மாதமாக.

"ஆன்ட்டி, இது தவாயிதானே? நஷா இல்லையே?"

தவாயி மருந்து, நஷா போதை என்று சிந்து பொருள் சொன்னாள்.

"ஒரு நா முழுங்காம இருந்து பாத்தியா கண்ணு?"

"பாத்தேன் ஆன்ட்டி. கை நடுங்குது."

அன்றே மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். சட்டென்று நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும், வேளைக்குச் சாப்பாடும் பக்கத்தில் ஓர் ஆளும் அவசியம் என்றார் மருத்துவர். ஸ்நேஹா போபாலுக்கு போன் செய்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவரால் உடனே வரமுடியவில்லை. சிந்துவுக்கோ பகலெல்லாம் லேப். ஊர் திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டார் பாப்பம்மாள்.

சத்துணவுக்குப் பழகிய கைக்கு மூன்று பேருக்கு அளவு பிடிபடவில்லை. மீந்த சாம்பார் கீழ்மாடித் தமிழ் மாணவர்களுக்குப் போனது. அடுத்த வாரம் அவர்களே பாத்திரமும் பணமுமாக மேலே வந்தார்கள். அப்படித்தான் மெஸ் தொடங்கியது. காய்கறிக்காரரிடம் ஸ்நேஹா பேரம் பேச, பாப்பம்மாள் இந்தியில் "பையா, ஜல்தி", அதாவது அண்ணா சீக்கிரம், என்று சொல்லும் அளவுக்குத் தேறினார். நாலு மாதத்தில் ஸ்நேஹாவின் மாத்திரை முழுசாக நின்றது. அதற்குள் மெஸ் நன்றாகவே வேர்பிடித்துவிட்டது.

ஸ்நேஹா தேர்வில் தேறவில்லை. குர்காவ்னில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து நாலு தோசை சாப்பிட்டுவிட்டு, வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். ஆராய்ச்சி முடிந்ததும் சிந்துவுக்கு ஹைதராபாத்தில் வேலை. கூட வரச் சொல்லி அவள் எவ்வளவோ கெஞ்சினாள்.

"நீ போ சாமி. முப்பது பேரு சோத்துக்கு வருவாங்க" என்று புளிக்காய்ச்சல் கட்டிக்கொடுத்து மகளை வழியனுப்பிவிட்டு, அடுப்பில் உலை வைக்கப் போனார் பாப்பம்மாள்.