ஓவர்லோடில் மிஞ்சிய முதல் ஆள்

எங்கள் கட்டடத்துக்கு வரும் லிஃப்ட் மெக்கானிக் வந்தவுடன் எதையும் கழற்ற மாட்டார். மூன்றாம் மாடியில் சுவரில் உள்ளங்கையை ஊன்றி, காதை வைத்து நின்றுகொண்டு, லிஃப்டை மேலும் கீழும் ஓட விடுவார். பெட்டி தன்னைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "மேல கப்பியில பேரிங் தேயுது" என்பார். இல்லையென்றால், "கதவு ரோலர்ல எவனோ சாக்லேட் பேப்பரைத் திணிச்சிருக்கான்" என்பார். இரண்டில் எதைச் சொன்னாலும் அது சரியாக இருக்கும்.

அவருடைய கருவிப்பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சிவப்பு எழுத்தில் 'ஓவர்லோட்'. லிஃப்ட் கம்பெனி கொடுத்தது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டபோது, "நம்ம பேண்டு சார். நீங்க கேக்க மாட்டீங்க. கேட்டாலும் புடிக்காது" என்றார். அவர் சொன்ன இரண்டில் ஒன்றுதான் பொய்யானது. போய்க் கேட்டேன்.

அவர்கள் வாசிப்பது ஹார்ட்கோர் பங்க். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் இரண்டு பாட்டு முடிந்துவிடும். டிரம்ஸ் துரத்தும், கிட்டார் ஓடும், நடுவில் ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். சொற்கள் புரியாது, கோபம் புரியும். இதைப் பெரிய கலை என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் இருபது வயதில் நான்கு பேர் தொடங்கிய ஒரு கத்தல், அவர்களில் ஒருவருக்கு ஐம்பத்து மூன்று வயதாகும்வரை எப்படி ஓயாமல் இருந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை.

அந்த ஒருவர்தான் நம் மெக்கானிக். மற்ற சத்தங்களுக்கு அடியில் தாழ்வாக உறுமும் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். பேண்டுக்குள் அவருக்குப் பெயர் 'மோட்டார்'. மற்ற மூவரும் விலகி வெகுகாலம் ஆகிறது. அவர்களுக்குப் பதிலாக வந்தவர்களும், அந்தப் பதிலுக்குப் பதிலாக வந்தவர்களும் விலகிவிட்டார்கள். கல்யாணம், இடமாற்றம், முதுகுவலி, மனஸ்தாபம். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் விரலை மடக்கத் தொடங்குவார். பாதியில் நிறுத்தி, "ஒருத்தன் ரெண்டு தடவை வந்தான் சார், அவனை ஒண்ணுன்னு வைக்கிறதா, ரெண்டுன்னா?" என்று என்னையே கேட்பார்.

இப்போது பாடுபவர் ஒரு பெண், பஸ் கண்டக்டர். பகலெல்லாம் ஸ்டாப் பெயரைக் கத்திவிட்டு, வாரக் கடைசியில் சொந்தமாகக் கத்த வருகிறவர். டிரம்ஸ் வாசிப்பவர் மெத்தைக்கடை முதலாளி. கிட்டார்காரர் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறார். ஞாயிறு காலையில் மெத்தைக்கடையின் கிடங்கில் பயிற்சி. சுற்றிலும் மெத்தை அடுக்கியிருப்பதால் சத்தம் வெளியே போகாது. அதையும் மீறிக் கேட்டு யாராவது விசாரித்தால், "ஸ்பிரிங் டெஸ்ட் பண்றோம்" என்பார் முதலாளி.

ஓவர்லோடில் ஒரு வழக்கம் உண்டு. விலகுகிறவர் சொல்லிவிட்டு மட்டும் போக முடியாது. தன் இடத்துக்கு வருகிறவரை எதிரே ஒரு மெத்தையில் உட்காரவைத்து, எல்லாப் பாட்டையும் கைமாற்ற வேண்டும். புதியவர் பழையவரின் கையைப் பார்க்காமல் வாசிக்கிற அன்றைக்குத்தான் பழையவருக்கு விடுதலை. சண்டை போட்டு விலகியவர்கள்கூட முறைத்துக்கொண்டே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

அதைவிடப் பழைய விதி இன்னொன்றும் இருந்தது. முதல் நால்வரும் சேர்ந்து போட்டது. அந்தக் காலத்தில் ஊரில் ஒரு பேண்டு இருந்தது. தொடங்கியவர்கள் ஒருவர்கூட இல்லாமல், பழைய பெயரை மாட்டிக்கொண்டு கடைத் திறப்புகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்த நால்வரும், நம் நாலு பேரில் கடைசி ஆள் இறங்கும்போது பேரும் கூடவே இறங்கிவிட வேண்டும் என்று கையடித்துக்கொண்டார்கள். இருபது வயதில் போடும் சத்தியத்துக்கு ஒரு வசதி உண்டு, அது தன் தலையில் விடியும் என்று யாரும் நினைப்பதில்லை.

விடிந்தது. ஒரு குடியிருப்பில் லிஃப்டைச் சோதித்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நல்லா ஓடுது" என்றார் மெக்கானிக். கூட வேலை பார்ப்பவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னய்யா விளையாடுறியா? கம்பி மேல இரும்பு உரசுது. எனக்கே பல்லு கூசுது, உனக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை.

காது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இடது காதில் மெல்லிய ஓசைகள் போய்விட்டன. வலது காது மிச்சம். மேடையில் டிரம்ஸ் பக்கத்தில் தொடர்ந்து நின்றால் அதுவும் போகும். காது போனால் வேலையும் போகும். ஸ்க்ரூ முடுக்குவதற்கு யாரும் கிடைப்பார்கள், அவருக்குச் சம்பளம் காதுக்குத்தான்.

வீட்டில் அவர் மனைவி துணிக்கடைக்கு ஜாக்கெட் தைப்பவர். தையல் மெஷினை நிறுத்தாமலே பேசினார்.

"நான் கூப்பிட்டா கேக்கலன்னு சொல்லும்போதெல்லாம் நடிக்கிறீங்கன்னு நினைச்சேன். நெசமாவே கேக்கலையா?"

"பாதி நெசம்."

"அப்போ விட்டுடுங்க."

"நான் விட்டா பேண்டே இல்ல."

"எதிர் பில்டிங்ல மோட்டார மாத்தினீங்க, கம்பிய மாத்தினீங்க, போன வருஷம் பெட்டியையே மாத்தினீங்க. அவங்க இன்னும் பழைய லிஃப்ட்டுன்னுதானே சொல்றாங்க?"

"அது லிஃப்ட்டுடி. அது யாருக்கும் சத்தியம் பண்ணிக் கொடுக்கல."

இந்த இடத்தில் நான் அவர் பக்கம். பாகம் பாகமாக மாற்றிய பிறகும் பொருள் அதுவேதானா என்பது பழைய கேள்வி. அதற்குப் புத்தகங்களில் சாமர்த்தியமான பதில்கள் உண்டு. ஆனால் தன்னை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பதில் லிஃப்டுக்கு அக்கறை இல்லை. மனிதர்களுக்கு இருக்கிறது.

அடுத்த ஞாயிறு கிடங்கில் விஷயத்தைச் சொன்னார். விலகுகிறேன் என்றதை மற்றவர்கள் தாங்கிக்கொண்டார்கள். பெயரும் என்னோடு போகிறது, வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்றதும் கண்டக்டர் எழுந்துவிட்டார்.

"பதினோரு வருஷமா கத்துறேன்ணே. அதெல்லாம் யார் தொண்டை? வாடகைக்கு எடுத்ததா?"

"உன்னைக் குறை சொல்லலம்மா. விதின்னு ஒண்ணு இருக்கு."

"அந்த விதியைப் போட்ட மூணு பேரு எங்க? ஒருத்தராவது போன் பண்ணி எப்படியிருக்கீங்கன்னு கேட்டாங்களா?"

மெத்தைக்கடைக்காரர் சமாதானத்துக்கு வந்தார். "வேற பேரு வைக்கலாம்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. என் கடைப் பேரு இருக்கு. விளம்பரமும் ஆச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் தன்னிடமிருந்த கடைசித் துருப்பை எடுத்தார்.

"பாட்டு தெரிஞ்சா போதுமா? 'தரைத்தளம்' பாட்டு நடுவுல ஒரு நிறுத்தம் வருதே, அது ஏன் வருதுன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

ஓவர்லோடைப் பற்றி வெளியே நாலு பேருக்குத் தெரியும் என்றால் அது அந்த நிறுத்தத்தால்தான். 'தரைத்தளம்' உச்ச வேகத்தில் ஓடும்போது எல்லாக் கருவிகளும் சட்டென்று நின்றுவிடும். வெறும் குரல் மட்டும் ஒரு வரியைத் தனியாகக் கத்தும். மறுபடி எல்லாம் வந்து மோதும். முதல் கச்சேரியின் கேசட்டைக் கேட்ட யாரோ, ரசிகர்கள் நடத்திய ஒரு ஜெராக்ஸ் பத்திரிகையில், பயத்தை மௌனத்தால் எழுதியவர்கள் என்று புகழ்ந்திருந்தார். உண்மை வேறு. அன்று மேடையில் மெக்கானிக் தன் ஒயரைத் தானே மிதித்துப் பிடுங்கிவிட்டார். எடுக்கக் குனிந்தார். அவர் குனிந்ததைப் பார்த்த டிரம்ஸ்காரர், பாட்டு முடிந்தது என்று நிறுத்தினார். கிட்டாரும் நின்றது. கண்ணை மூடிக்கொண்டிருந்த பாடகர் மட்டும் எதுவும் தெரியாமல் கத்திக்கொண்டே போனார். இவர் ஒயரைச் சொருகினார், எல்லோரும் ஓடிப்போய்ப் பாட்டில் ஏறிக்கொண்டார்கள். புகழ்ந்து அச்சில் வந்த பிறகு அதைப் பிழை என்று எப்படிச் சொல்வது? நால்வரும் வாயை மூடிக்கொண்டார்கள். மூவர் போன பின், அதைத் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்று இவர் நம்பியிருந்தார். தான் இல்லாமல் ஓவர்லோட் இல்லை என்பதற்கு அவர் உள்ளுக்குள் வைத்திருந்த சான்று அதுதான்.

கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிட்டார்காரர்தான் கடைசியில் வாய் திறந்தார்.

"ஒயர்."

"என்னது?"

"ஒயர்ணே. நீங்க மிதிச்சிட்டீங்க."

மெக்கானிக் மெத்தை அடுக்கின் மேல் மெல்ல உட்கார்ந்தார். "யார் சொன்னது?"

"எனக்கு முன்னாடி வாசிச்சவரு. உட்காரவெச்சுச் சொல்லிக்கொடுத்தப்போ."

"எனக்கும் அப்படித்தான்" என்றார் கண்டக்டர். "எனக்கு முன்னாடி பாடினவருக்கு, அவருக்கு முன்னாடி பாடினவரு. சொல்லும்போதே இன்னொண்ணும் சேர்த்துச் சொல்வாங்க. மோட்டார்கிட்ட மூச்சு விட்டுடாத, அவரு அதை ரகசியம்னு நினைச்சிட்டிருக்காருன்னு."

"இத்தனை வருஷமாவா?"

"யாருமே உளறலையே, பாருங்களேன்!" என்றார் மெத்தைக்கடைக்காரர், உண்மையான பெருமையோடு.

மெக்கானிக்குக் கோபம் வந்ததா என்று பின்னால் கேட்டேன். "இல்ல சார். ஒரு மாதிரி இருந்துச்சு. நான் தூக்கிட்டு நிக்கிறேன்னு நினைச்சிட்டிருந்ததை, எனக்குத் தெரியாம அவங்களும் ஒரு பக்கம் பிடிச்சிட்டு இருந்திருக்காங்க." அன்று கிடங்கில் அவர் இவ்வளவு பேசவில்லை. "பேரை நீங்களே வெச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, தேநீர் கேட்டார்.

அவர் இடத்துக்கு ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஒவ்வொரு கச்சேரியிலும் முன்வரிசையில் நின்றவர். வழக்கப்படி இருவரும் எதிரெதிரே மெத்தையில் உட்கார்ந்தார்கள். 'தரைத்தளம்' வந்ததும் மெக்கானிக் கையை நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"இங்க ஒரு நிறுத்தம் இருக்கு. அது என்னன்னா..."

"ஒயர்தானேண்ணே?"

"உனக்கு யார்யா சொன்னது?"

"முன்வரிசைக்கே தெரியும்ணே."

மெக்கானிக் இல்லாத முதல் கச்சேரி, ஒரு பழைய பேட்மிண்டன் கூடத்தில், சாயங்காலம். அவர் பார்வையாளராக வந்தார். டாக்டர் கொடுத்த அடைப்பான் இரண்டு காதிலும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். முன்னால் தள்ளிக்கொண்டு போன ஒருவர், "அண்ணே, நிக்கிறதா இருந்தா ஓரமா நில்லுங்க" என்றார். ஓரமாகப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார், எங்கள் மூன்றாம் மாடியில் நிற்பது போல.

இத்தனை காலத்தில் அவர் ஓவர்லோடை வெளியிலிருந்து கேட்டதே இல்லை. டிரம்ஸுக்கும் தன் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே நின்று கேட்டதைத்தான் பாட்டு என்று நினைத்திருந்தார். முதல் பாட்டில் புருவம் சுருங்கியது. 'தரைத்தளம்' வந்தது. வேகம் ஏறியது. நிறுத்தம். ஆம்புலன்ஸ்காரர், ஒயரை மிதித்தவரைப் போலவே, வேண்டுமென்றே சற்றுக் குனிந்தார். கூடத்தில் சிலர் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். கண்டக்டரின் குரல் மட்டும் தனியாக ஓடியது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் வந்து மோதியபோது அவர் கை சுவரில்தான் இருந்தது, விரல்கள் மட்டும் வாசித்தன.

முடிந்ததும் கண்டக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக அவரிடம் வந்தார்.

"சொல்லுங்கண்ணே. நாங்க ஓவர்லோடா, இல்லையா?"

அடைப்பான்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேரிங்கைப் பற்றிச் சொல்கிற அதே முகம்.

"நீங்கதான். ஆனா அந்த ஆளுக்கு இன்னும் பழகல. பேஸ் சத்தமே கேக்கலையே?"

"அது எப்பவுமே கேக்காதுண்ணே" என்றார் கண்டக்டர். "உங்க காலத்துலயும்தான்."