என் கைத்தடமும் காணாமல் போன கிடாயும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதக் காலை. மல்லாங்கிணற்றில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் நான்தான் தாய்மாமன். பிள்ளை என் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும். முந்தின நாள் வேலை முடிந்த கையோடு, சீர்க் கிடாயையும் அதற்கு ஒரு கட்டு அகத்திக்கீரையையும் லோடு ஆட்டோவில் ஏற்றிப் போய் இறங்கியிருந்தேன்.

காலையில் மேளத்தோடு சீர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. என் விரல்களில் மட்டும், பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் இன்னும் மினுமினுத்தது. பிள்ளையின் பட்டுப்பாவாடையில் ஒட்டுமே என்று தங்கை வீட்டுக் கொல்லைக்குத் திரும்பி வந்து, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சம்சாரி, ஆடு மாடு வைத்திருக்கும் விவசாயி, வந்து கையைப் பிடித்தார். அவருடைய கிடாயைக் காணோமாம். தொழுவத்துக் கல்தூணில் பளபளவென்று ஒரு கைத்தடமாம். தடயத்தை அழிக்கத்தான் கழுவுகிறேன் என்றார். முகூர்த்தம் நெருங்குகிறது என்று கெஞ்சியும் விடவில்லை. தூணில் மிச்சமிருந்த கயிற்றையும் என்னையும் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போனார்.

அங்கிருந்த ஏட்டம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். முந்தின நாள் என் கிடாயை ஆட்டோவிலிருந்து இறக்கும்போது அது திமிறியதால், பக்கத்திலிருந்த அந்தத் தூணைப் பிடித்ததாகச் சொன்னேன். அவர் கயிற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சந்தர்ப்ப சாட்சியத்த மொத்தமா அள்ளக் கூடாது அண்ணாச்சி, வகை பிரிக்கணும். கைத்தடம், இவரு அங்கன நின்னாருன்னு சொல்லுது; அவுத்தாருன்னு சொல்லல. கை கழுவுறது திருடனுக்கும் பொருந்தும், பட்டாசு வேலை பாக்குற எல்லாருக்கும் பொருந்தும். இந்தக் கயிறு மட்டுந்தான் ஒரே பக்கமாப் பேசுது. மென்னு அத்திருக்கு பாருங்க. மனுசனா மெல்லுவான்?”

சம்சாரி தலையைச் சொறிந்தார். காலையில் சீர் எந்தத் தெரு வழியாகப் போனது, என்னென்ன கொண்டுபோனோம் என்று அடுத்துக் கேட்டார் ஏட்டம்மா. சம்சாரியின் தொழுவத்தைத் தாண்டித்தான் போனோம், அகத்திக்கட்டும் கூடவே போனது என்றேன். அவ்வளவுதான், சிரித்துக்கொண்டே என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு விட்டார்; சம்சாரியும் பின்னாலேயே வந்தார்.

கோயிலுக்குப் பின்னால் மாலை போட்டுக்கொண்டு என் கிடாய் நின்றது. பக்கத்திலேயே, அரைக் கயிறு தொங்க, சம்சாரியின் கிடாய். அழைக்காத விருந்தாளி கீரையைக் காம்புவரை காலி செய்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். சம்சாரிக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

“தப்பா நினைச்சுக்கிடாதீக தம்பி” என்று தன் தோள் துண்டை எடுத்து என் தலையில் அவரே தாய்மாமன் தலைப்பாகையாக உருமாக் கட்டிவிட்டார். ஏட்டம்மா முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க, மருமகள் என் மடியில் அமர்ந்து ஊரே கேட்க அழுதாள். பாதி கழுவிய என் விரல்கள் அவள் பாவாடையில் ஐந்து தடங்களைப் பதித்தன. தங்கை அதை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறாள்.

இப்போதெல்லாம் யார் மேலாவது சந்தேகம் வந்தால், இது வேறு எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று முதலில் யோசிக்கிறேன். எனக்காக ஒருவர் அப்படி யோசித்ததால்தான் அன்று என் மடி காலியாக இருக்கவில்லை.