உட்கார வைத்து எடுத்த அளவு

துணி தைக்கும் கம்பெனியில் ஏழு வருஷம் நூல் பிசிறு வெட்டியவளுக்குக் கத்தரி என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பார்கள்? எட்டாம் வருஷம்தான் முதலாளி மனமிரங்கித் தையல் மிஷின் கொடுத்தார். "மழலைப் பள்ளி ஆர்டர். முப்பது உருப்படி. சொதப்பினா மறுபடி பிசிறுதான்" என்றார்.

அதுவரை அந்தக் கம்பெனி கவுனும், சட்டை டவுசரும்தான் தைத்தது. கவுன் போட்டுத் தவழும் குழந்தை, விளிம்பு முட்டியில் மாட்டிக் குப்புற விழும். டவுசர் பாதி வழியில் கழன்று மானத்தை வாங்கும். மேலும் கீழும் ஒரே துணியான ரோம்பர் வந்த பிறகுதான் குழந்தைகள் நிம்மதியாக விளையாடினார்கள் என்பது கத்தரியின் கட்சி. சரித்திரம் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் எங்கே கவனிக்கிறார்கள்!

பள்ளிக்கான முப்பது ரோம்பரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்தன. மூன்றாம் நாள் பள்ளி ஆயா பெரிய பையோடு வந்தாள். முதலாளி அறையைத் தாண்டி நேரே கத்தரியின் மிஷினுக்கு வந்து பையை இறக்கினாள்.

"எப்படிம்மா அளவு எடுத்தே?"

"சுவரோரமா நிக்க வெச்சு, நேரா."

"அதுங்க எப்போ நேரா நின்னுது?" ஆயா ஒரு ரோம்பரைத் தன் மேல் வைத்துப் பிடித்தபடி தரையில் குந்தினாள். "பாரு, மண்ணுல குந்தினா தோள்ல வெட்டுது. ஒண்ணு பாக்கியில்லாம அழுகை."

ஏழு வருஷக் காத்திருப்பு மூன்றே நாளில் போயிற்று என்று கத்தரி நினைத்தாள்.

"பிள்ளைங்களை ரெண்டு நாள் வீட்டுத் துணியில வரச் சொல்லிட்டேன். முதலாளி கேட்டா பட்டன் தைக்கக் கொடுத்தேன்னு சொல்லிக்கிறேன். நீ வேலையைப் பாரு" என்று முப்பதையும் பையோடு விட்டுவிட்டு ஆயா கிளம்பிவிட்டாள்.

கத்தரி பின் இடுப்பில் நான்கு விரல் துணி சேர்த்தாள், தோள்பட்டையில் தளர்த்திக்கொள்ள இரண்டாவது பட்டன் வைத்தாள். அதன்பிறகு முப்பதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

இப்போது அவள்தான் தையல் பிரிவுக்கே பொறுப்பு. எந்தப் புது அளவுக்கும் குழந்தையை முதலில் குந்தச் சொல்வாள். அந்த இரண்டாவது பட்டனைத் தொடும்போதெல்லாம் ஆயாவுக்கு மனசார நன்றி சொல்வாள்.

ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டாள்: "முதலாளிகிட்ட ஏன் போகலே, அக்கா?"

"போனா உன்னை மாத்தியிருப்பாரு. அடுத்து வர்றவளும் நிக்க வெச்சுத்தானே அளப்பா? தப்பு பண்ணவளுக்குத்தான் அது மறக்காது" என்றாள் ஆயா.