வெள்ளிக்கிழமைப் பப்பாசிச் சலாட்

நான் வேலை செய்வது ஹம்பேர்க்கில், ஏரிக்கரைக்குக் கிட்ட, கண்ணாடிக்குள்ளே விலை எழுதி வைக்காத கடைகள் உள்ள ஒரு தெருவில். ஒரேயொரு கைப்பை தனியாக, சாமிப்படம் மாதிரி வெளிச்சத்தில் இருக்கும். விலை கேட்கிற ஆளுக்கு அது இல்லை என்று அர்த்தம். அப்படியான ஓர் உடுப்புக் கடையின் மூன்றாம் மாடியில் இருந்து தையல் திருத்துகிறேன். என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் வாங்க முடியாத காற்சட்டையை எடுத்து, கால் நீளத்தைக் கத்தரிப்பேன். தொடக்கத்தில் மூன்று தரம் அளந்த பிறகுதான் வெட்டுவேன். இப்போது பாட்டுக் கேட்டுக்கொண்டே வெட்டுகிறேன்.

அந்தத் தெருவில் மத்தியானம் பசிக்கக் கூடாது. ஒரு கோப்பை சூப்புக்கு அவர்கள் கேட்கிற காசில் வீட்டில் இரண்டு நாள் சமைக்கலாம். ஆனால் கடைகளின் பின்பக்கம், லொறிகள் சாமான் இறக்குகிற ஒழுங்கையில், ஒரு தாய்லாந்துக்காரி சாப்பாட்டு வண்டில் வைத்திருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். ஆறு யூரோவுக்குப் பப்பாசிச் சலாட், பக்கத்தில் ஓர் உருண்டை ஒட்டுச்சோறு. பச்சைப் பப்பாசிக்காயைக் கையிலேயே வைத்துக் கொத்திச் சீவுவாள். மண் உரலில் உள்ளி, பச்சை மிளகாய், பயிற்றங்காய், கச்சான் கடலை எல்லாம் போட்டு இடித்து, தேசிப்புளியும் பனங்கட்டியும் சேர்ப்பாள். எங்கள் ஊரில் மாதிரிப் பனங்கட்டியைக் கண்ட அன்றே நான் அவளுடைய வாடிக்கையாளர். கோட்டுச் சூட்டுக்காரர்கள் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, மூக்கு ஒழுக ஒழுக நின்று சாப்பிடுவார்கள். உறைப்புக்கு முன்னால் எல்லோரும் ஒன்றுதான். நான் மட்டும் மூக்கு ஒழுகாமல் சாப்பிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் உண்டு.

இதற்குள் என் நேர்த்திக்கடன் ஒன்று வந்தது. என் கணவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து அனுப்பினார்கள். நான் கோயிலுக்குப் போய், அடுத்த வருடத்துப் பெரிய பரிசோதனை முடியும்வரை வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். மற்றவர்களுக்கு இது பெரிய காரியமாகத் தெரியாது. நான் மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆள். இவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக விடுவதற்கு என்னிடம் இருந்தது மீன்தான்.

முதல் வெள்ளிக்கிழமை வண்டிலடியில் நின்று, இறைச்சி இல்லை, மீன் இல்லை, இறால் இல்லை, முட்டை இல்லை என்று விரல் மடக்கிச் சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது இந்த நாட்டு டொச் மொழி, அதுவும் அரைகுறையாக. அவள் தலையாட்டி, இறால் கருவாட்டுக் கிண்ணத்தை எடுத்து அப்பால் வைத்தாள். சலாட் அமிர்தமாக இருந்தது. மீன் இல்லாத குறையே தெரியவில்லை. பத்து மாதம், ஒரு வெள்ளி தவறாமல் சாப்பிட்டேன். விரதம் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னமே பிடித்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஒரு வெள்ளி, அவள் வழக்கமாகச் சலாட்டில் ஊற்றுகிற மண்ணிறத் தண்ணீர் முடிந்துபோயிற்று. கீழே இருந்து ஒரு புதுப் போத்தலை எடுத்தாள். மூடி இறுகிவிட்டது. "கொண்டா, நான் திறக்கிறேன்" என்று வாங்கினேன். போத்தலில் ஒரு மீன் படம். வாலும் செதிலும் வைத்து, வடிவாகக் கீறியிருந்தார்கள்.

"இது என்ன?"

"உப்பு."

"இதில் மீன் படம் இருக்கு."

"மீனில் செய்கிற உப்புத் தண்ணி. மீன் இல்லை" என்றாள், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. பாதி டொச்சிலும் பாதி தமிழிலும் ஏசினேன். சலாட்டை வாங்காமலே மேலே ஏறி வந்து மெசினுக்கு முன்னால் இருந்து அழுதேன். கருவாடு பொரிக்கிற வீட்டை அடுத்த தெருவிலேயே கண்டுபிடிக்கிற மூக்கு என் மூக்கு. பத்து மாதம் அது எங்கே போயிருந்தது? எனக்குள்ளே ஏதோ ஒன்றுக்குத் தெரிந்துதான் இருந்திருக்க வேண்டும். ருசித்ததே அதனால்தான். அதுதான் என்னைக் கூடுதலாகப் பயமுறுத்தியது. இவருடைய பரிசோதனைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

திங்கட்கிழமை வெட்கத்தை விட்டு வண்டிலடிக்குப் போய், முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன். டொச்சில் அதற்குச் சொல் தெரியவில்லை. நெஞ்சைத் தொட்டு, கையைக் கூப்பி, இவர், வெள்ளிக்கிழமை, மீன் என்று அடுக்கினேன். அவள் உலக்கையைக் கீழே வைத்தாள். ஒரு சொல் விடாமல் விளங்கியது என்று முகத்திலே தெரிந்தது.

"இன்னும் எத்தனை வெள்ளி?"

"மூன்று."

அந்த வெள்ளி, பக்கத்தில் ஒரு புது உரல் இருந்தது. கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. எனக்கு மட்டும். மீன் தண்ணிக்குப் பதில் சோயாச் சோஸ் ஊற்றினாள். உண்மையைச் சொன்னால், முந்தினதின் கால்வாசிக்கும் அது வராது. நான் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டு, "அருமை" என்றேன். அவள் நம்பவில்லை.

பரிசோதனை ஒரு வியாழக்கிழமை. காத்திருக்கும் அறையில் இனி மறைக்க ஏலாது என்று இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இவர் வாயைப் பொத்திச் சிரித்ததில் கதிரை ஆடியது.

"அப்ப பத்து மாசமா மீன் குடிச்சிருக்கிறீர்."

"சிரியாதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

"என்னைப் பாரும். இருக்கிறன்தானே" என்றார். ஆனால் பெயரைக் கூப்பிட்டபோது என் கையை விட அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

டொக்டர் படங்களை இரண்டு தரம் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லது, இனி அடுத்த வருடம் வாருங்கள் என்றார்.

அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்கே இறங்கிப் போனேன். வரிசையில் நாலைந்து பேர். முன்னால் நின்றவரின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, அவருடைய தலைக்கு மேலால் அவள் என்னைப் பார்த்தாள்.

"இதயம்?"

"நல்லா இருக்கு. இனி அடுத்த வருடம்தான்."

பெட்டியை அவரிடம் நீட்டினாள். பிறகு குனிந்து, வண்டிலுக்குக் கீழே இருந்து ஈயத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். முழுசாகப் பொரித்த மீன்.

"அப்ப நான் இன்றைக்குச் சாப்பிடலாமா?" என்று என்னைக் கேட்டாள்.

"அதை ஏன் என்னிடம் கேட்கிறாய்?"

"ஊற்றினது நான்தானே" என்றாள். "மூன்று வெள்ளியும் நானும் தொடவில்லை."

இவரை அவள் ஒரு நாளும் கண்டதில்லை. எங்கள் சொந்தத்தில் எத்தனையோ பேர் தொலைபேசியில் அழுதார்கள். ஒருவரும் ஒரு துண்டு மீனை விட்டதாகத் தெரியாது. "சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் முதல் துண்டைப் பிய்த்து வாயில் வைத்து, கண்ணை மூடி மென்றாள்.