என் எக்ஸ்ரேயும் அவள் கழுத்தும்

ஓசூரில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதகர் வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் பாகத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னையே ஒருநாள் ஓரமாக வைத்தார்கள்.

வருடாந்திர மருத்துவ முகாமுக்கு எக்ஸ்ரே வண்டி வந்திருந்தது. ஷிஃப்ட் முடிகிற நேரம். எல்லோருக்கும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று குரல் வந்தது. நான் பாதி இழுப்பதற்குள் "ஆச்சு, அடுத்த ஆளு" என்றார்கள். நான்கு நாள் கழித்துப் படத்தோடு கைக்கு வந்த தாளில், கார்டியோமெகாலி, மருத்துவரைப் பார்க்கவும் என்று இருந்தது.

பக்கத்து மேசையில் ஒரு கன்னடக்காரர். தாளை வாங்கிப் படித்துவிட்டு, "மெகான்னா பெரிசு. ஹார்ட்டு பெரிசா இருக்குது உனக்கு. ஏனூ ஆகல்ல பிடி, ஒண்ணும் ஆகாது" என்று தோளில் தட்டினார்.

வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "பெரிய மனசா? உங்களுக்கா?" என்று சிரித்தாள். அவள் விருதுநகர்ப் பக்கம். கேலி பேசாமல் இருக்க முடியாது. ஆனால் தாளை அவளே படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள்.

அன்று மாலை முழுக்க நான் செல்போனில் மருத்துவம் படித்தேன். ஈரல் பெருத்தால் ஹெபடோமெகாலி. மண்ணீரல் பெருத்தால் ஸ்ப்ளினோமெகாலி. நீர் கோத்து வீங்கினால் எடிமா. தசை தடித்தால் ஹைபர்ட்ரோபி. எங்கள் ஊர் கல்லாவியில் கால் சுளுக்கினாலும், குளவி கொட்டினாலும், மாட்டின் மடி கனத்தாலும் "வீங்கிப்போச்சு" என்ற ஒரே சொல்லில் வேலை முடிந்துவிடும். எடிமா இருந்தால் விரலால் அழுத்திய இடம் குழியாகவே நிற்குமாம். என் கணுக்காலைப் பார்த்தேன். சுற்றிலும் குழி! வியர்த்துவிட்டது எனக்கு.

"அது சாக்ஸ் தடம்" என்றாள் அவள்.

மறுநாள் நாங்கள் பார்த்த மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. படத்தை விளக்குப் பலகையில் செருகி, ஸ்கேலை எடுத்து இதயத்தின் அகலத்தை அளந்தார். பிறகு நெஞ்சின் அகலம். "இதுல பாதிக்குள்ள இருக்கணும். உங்களுது கொஞ்சம் தாண்டுது. ஆனா நீங்க மூச்சு சரியா இழுக்கல. பாதி மூச்சுல எடுத்தா யாருக்குமே ஹார்ட் பெரிசாத்தான் தெரியும்."

அளந்த விதத்தில்தான் தப்பு என்றதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. மறுபடி படம் எடுத்தார்கள். கன்னம் உப்ப மூச்சு பிடித்தேன். "கன்னத்துல இல்லீங்க, நெஞ்சுல" என்று திட்டு வாங்கி, மூன்றாம் முறை சரியாகப் பிடித்தேன். என் இதயம் சாதாரண அளவுதான்.

மனைவி பெருமூச்சு விட்டு, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். மருத்துவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னொரு வாய் குடிங்க."

குடித்தாள். அவள் கழுத்தின் முன்பக்கம், எலுமிச்சம்பழ அளவில் ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியது.

"எவ்வளோ நாளா இருக்கு இது?"

"எதுங்க?" என்றாள் அவள்.

ஆறேழு மாதமாக அவள் செயின் இறுக்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சதை போட்டுவிட்டது, கொஞ்சம் நட என்று நான்தான் பதில் சொன்னேன். எந்நேரமும் அசதி, வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர். ஓசூர்க் குளிர் வெயில் ஊர்க்காரிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இருவருமே நினைத்திருந்தோம்.

"காய்டர்னு சொல்வாங்க. தமிழ்ல முன்கழுத்துக் கழலை. தைராய்டு வீங்கியிருக்கு" என்றார் மருத்துவர்.

கழலை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. "கேன்சருங்களா?"

"இப்பவே எதுக்கு அந்தப் பேச்சு? ரத்தமும் ஸ்கேனும் பாத்துட்டுப் பேசலாம்."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "உங்க ஹார்ட்டைப் பாக்கப் போய் என் கழுத்தைப் புடிச்சுட்டாங்க" என்றாள்.

"தினமும் எதிர்லயே இருக்க. நான் பாக்கவே இல்லையே."

"நான் தினமும் கண்ணாடில பாக்குறேன், எனக்கே தெரியல. விடுங்க" என்றாள். ஆனால் என் கையை விடவில்லை.

முடிவுகள் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நான் செல்போனில் எதையும் படிக்கவில்லை. பயப்படும்படியான கட்டி இல்லை. தைராய்டு குறைவாகச் சுரக்கிறது, அவ்வளவுதான் என்றார் மருத்துவர். தினமும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. அதற்குப் பிறகு நெடுநேரம் காப்பி கிடையாது என்பதுதான் அவளுக்குப் பெரிய துக்கம்.

ஒரு வருடத்தில் வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது. எங்கள் தெருப் பெண்களை அவள் கண்ணாடி முன் நிறுத்தி, ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொல்லிப் பார்த்தாள். மாடி வீட்டு அக்காவுக்கு லேசாக வீக்கம் இருந்தது. மறுநாள் காலையிலேயே அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.