செத்த ஆட்டுப் பூ

கேப்டவுனிலிருந்து வந்த செடி ஆராய்ச்சிக்காரர் ஃபெலிக்ஸ், ஆட்டுக்காரர் அபூல்ஸ் யோசெப்புக்குப் பட்டிருந்த கடன் ஒரு பேர். கமீஸ் மலையில் மூன்று நாள் வழிகாட்டியதற்குக் கூலி அறுநூறு ராண்ட். "கூலியை விடுங்க மாமா, நீங்க காட்டின புதுக் கிழங்குக்கு உங்க பேரையே வெச்சுடறேன். உலகம் உள்ளவரைக்கும் நிக்கும்" என்றார் ஃபெலிக்ஸ். மாமாவும் தலையாட்டிவிட்டார்.

ஆட்டாமலா இருப்பார்? ஒற்றை ஆட்டை வைத்து நூற்றிருபது ஆடு சேர்த்த மனிதர். வீடு, வேலி, கிணறு எல்லாம் சொந்தக் கையால் எழுப்பியவை. எழுத்துதான் வராது; பேராவது எழுத்தில் நிற்கட்டுமே என்று ஒரு ஆசை. எந்தப் பாறை இடுக்கில் எந்தக் கிழங்கு என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

அப்போது கோடை. கிழங்கு மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பூ எப்படி இருக்கும் என்று காட்ட, தேவாலயப் பாட்டுப் புத்தகத்துக்குள் காய்ந்து கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காய்ந்த பூவில் வாசம் ஏது?

அடுத்த ஆகஸ்டில், அங்கே குளிர்காலம், அந்த வட்டாரப் பண்ணைக்காரர் வீட்டில் பேர்சூட்டு விருந்து. அபூல்ஸ் கோட்டு மாட்டிக்கொண்டு போனார். மேசை நடுவில் தொட்டி, தொட்டியில் அந்தக் கிழங்கின் மொட்டு. ஃபெலிக்ஸ் எழுந்து வாசித்ததோ பண்ணைக்காரியின் பேரை. மார்லீஸ்!

"எங்கிட்ட சொன்னது என்னாச்சு தம்பி?"

"ஆராய்ச்சிக்குப் பணம் குடுத்தது அவங்கதானே மாமா. பெரிய மனசு பண்ணுங்க."

மலையேறி முட்டி தேய்ந்தது அபூல்ஸுக்கு; பேர், மலையடிவாரம்கூட மிதிக்காதவளுக்கு. இளித்துக்கொண்டு கைதட்டுகிற கூட்டத்தின் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை.

"அதுக்கு ஏற்கெனவே பேர் இருக்கு. செத்த ஆட்டுப் பூ" என்றார்.

சிரித்தார்கள். கணப்புச் சூட்டில் மொட்டு மெல்ல விரிந்தது. இறைச்சித் தட்டிலிருந்து ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள்.

"சீ, எங்கே எலி செத்துக் கிடக்கு?" என்றாள் மார்லீஸ்.

"எலி இல்லம்மா, நீங்கதான்."

அவள் முகம் சிவந்தது. "பேரை மாத்துங்க! இந்த ஆளு பேரையே வெச்சுத் தொலைங்க!"

"பேர் புத்தகத்துல அச்சாயிடுச்சும்மா. இனிமே மாத்த வழியில்ல" என்று ஃபெலிக்ஸ் இழுத்தார்.

தொட்டியைத் தொட ஒருவருக்கும் மனசு வரவில்லை. பண்ணைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு, "அபூல்ஸ், நீ தூக்கிட்டுப் போயேன்" என்றார்.

அபூல்ஸ் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த நாத்தத்துல வளந்தவன் நான். உங்க நாத்தம்தான் தாங்கல. பேரைத்தான் முழுங்கிட்டீங்க, கூலியை வை தம்பி, தூக்கறேன்."

உள்ளங்கையை நீட்டினார். ஃபெலிக்ஸ் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் நூறு நூறாக ஆறு தாள்களை அதில் எண்ணி வைத்தார்.