கூட யாரு வந்திருக்கா?

முருங்கைக்கீரை உருவிக்கிட்டே இதை எழுதுறேன். ஒரு கொத்து உருவுறது, ஒரு வரி எழுதுறது. தாள்ல பச்சையா ஏதாவது ஒட்டியிருந்தா அது கீரைதான், தட்டிவிட்டுட்டு மேல படிங்க.

எங்க தொழில்ல மருந்து கிடையாது, ஊசி கிடையாது. கூட நிக்கிறது மட்டும்தான் வேலை.

நீங்களும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீங்க. என்ன செய்யுதுன்னு கேக்குறதுக்கு முன்னாடியே, "கூட யாரு வந்திருக்கா?"ன்னு கேப்பாங்க. வீடு வாசல் இருக்கிறவங்களுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. திரும்பிப் பார்த்தா புருசனோ மகளோ பையைத் தூக்கிட்டு நிப்பாங்க. பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கிடக்கிறவங்க திரும்பிப் பார்த்தா செவருதான் இருக்கும். அந்தச் செவருக்கு முன்னாடி போய் நிக்கிறவ நான். பேரு செல்வி. படிச்சது அஞ்சாப்பு.

என் வீட்டுக்காரரு வேலைக்குன்னு கேரளாவுக்குப் போனவரு திரும்பலை. வாடகை வீடு போச்சு. பால் குடிக்கிற பிள்ளையோட ஒரு மழைக்காலம் பூரா நானும் பஸ் ஸ்டாண்டுலதான் படுத்தேன். இப்ப வீடில்லாதவங்களுக்குன்னு இருக்கிற இல்லத்துல தங்கிக்கிட்டு, இங்கனயே சமைக்கவும் செய்றேன். எங்க குழுவுல எல்லாருமே தெருவுல படுத்து எந்திரிச்சவங்கதான். ஆளில்லாதவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது, அங்க அவங்களுக்காகப் பேசுறது, பேச்சு எடுபடலைன்னா அதுக்கு மேல இருக்கிறவங்ககிட்டப் போய்ப் பேசுறது. இதுல 'பேசுறது'ங்கிறதை மட்டும் எனக்குத் தராம இருந்திருக்கலாம்.

விலாசம்

என்னை இந்த வேலைக்கு இழுத்துட்டு வந்தது பேச்சியக்கா. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில வேலை பார்த்தவ. ஒருநாள் ஷெட்டு தீப்பிடிச்சதுல ஒரு கன்னமும் கழுத்தும் வெந்து சுருங்கிருச்சு. அதுக்கப்புறம் குடும்பமும் நிலைக்கலை. அக்காவைப் பார்க்கிறவங்க ஒருதரம் பார்த்துட்டு மொகத்தைத் திருப்பிக்கிடுவாங்க. அக்கா விடமாட்டா. அவங்க திரும்பின பக்கமே போய் நின்னு, "இங்கன இருக்கேன்"ம்பா.

அக்காவுக்கு நெஞ்சுச்சளின்னு நாங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் எனக்கு மொதல் நாள். அப்ப அக்காவும் பஸ் ஸ்டாண்டுலதான். சீட்டு போடுற சன்னல்ல ஒரு தம்பி கம்ப்யூட்டர் முன்னாடி இருந்தாரு. "விலாசம் சொல்லுங்க. விலாசம் இல்லாட்டி மெசினு சீட்டு குடுக்காது"ன்னாரு. நானா இருந்தா, சரிங்கன்னு திரும்பி வந்திருப்பேன். பின்னாடி இருந்தவங்க வேற உச்சுக்கொட்டுறாங்க. அக்கா சன்னல் கம்பியில மொகத்தைப் பதிச்சுக்கிட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி நிதானமாச் சொன்னா. அந்தத் தம்பியும் சிரிக்காம ஒவ்வொரு எழுத்தா அடிச்சாரு. மெசினு சீட்டு குடுத்துருச்சு! நான் அந்தச் சீட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

அக்கா சொன்னது இதுதான்: "பஸ் ஸ்டாண்டு, கோவில்பட்டி பஸ் நிக்கிற எடம், உள்ள மூணாவது தூணு. தபால் வந்தா தூணுகிட்டக் குடுக்கச் சொல்லுங்க தம்பி, அது எங்கிட்டச் சொல்லிரும்."

எத்தனை அப்பா?

கூட வந்திருக்கேன்னு சொன்னா மட்டும் பத்தாது. "என்ன உறவு?"ன்னு அடுத்த கேள்வி வரும். யாருமில்லைன்னா கட்டில் தர யோசிப்பாங்க. அதனால எங்க குழுவுல எல்லாரும் ஒரு வழி வச்சிருந்தோம். வயசானவருன்னா மக. வயசான அம்மான்னா மருமக. கொஞ்சம் எளவட்டம்னா தங்கச்சி. "உறவு சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்லு புள்ள, அப்பத்தான் நம்புவாக"ன்னு அக்கா சொல்லித்தான் அனுப்புவா.

எனக்கு யாரு கண்ணையும் பார்க்க வராது. தரையைப் பார்த்தபடியே "மக"ன்னு சொல்லிருவேன். அதனால என்ன ஆச்சுன்னா, எதிர்ல இருக்கிறது யாருன்னே எனக்குத் தெரியலை. காச நோய்க்காரரு ஒருத்தருக்கு மகளானேன். கை ஒடிஞ்ச பெரியவருக்கு மகளானேன். இளைப்புக்காரருக்கும் மகளானேன். ஒவ்வொரு தடவையும் கேள்வி கேட்டது ஒரே நர்சம்மாதான். கண்ணைப் பார்த்திருந்தா அதுவாவது தெரிஞ்சிருக்கும்.

நாலாவதா ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனப்ப அந்தம்மா பேனாவால என் தாடையைத் தூக்கி நிறுத்திக் கேட்டாங்க: "ஏம்மா, எல்லாருக்கும் ஒரு அப்பாதான். ஒனக்கு மட்டும் எப்படி வார்டுக்கு ஒரு அப்பா?"

கையெழுத்து

அந்த நாலாவது ஆளு மாரியப்பன் அண்ணாச்சி. பட்டாசுக் கம்பெனிகள்ல லாரிக்கு லோடு ஏத்துறவரு. சீசன்ல கம்பெனியிலயே படுத்துக்கிடுவாரு, சீசன் முடிஞ்சா பஸ் ஸ்டாண்டு. கால்ல ஆணி ஏறிப் புண்ணாயிருச்சு. உடம்புல சக்கரை இருக்கிறது தெரியாம, பழைய துணியைச் சுத்திக்கிட்டே பெட்டி தூக்கியிருக்காரு. நாங்க பார்க்கும்போது விரல் ரெண்டும் கறுத்துப்போயிருந்துச்சு.

நர்சம்மா என்னை முறைச்சாலும், புண்ணைப் பார்த்துட்டு உள்ள விட்டுட்டாங்க. டாக்டர் பார்த்துட்டு, "ரெண்டு விரலையும் எடுக்கணும். தள்ளிப்போட்டா முழங்காலுக்குக் கீழ காலே போயிரும். நீ மகதானே, இதுல கையெழுத்துப் போடு"ன்னாரு. பேனாவைக் கையில குடுத்துட்டாங்க. ஒரு மனுசன் ஒடம்புல கத்தி வைக்கச் சொல்றதுக்கு நான் யாரு? "நான் மக இல்லைங்க"ன்னு சொல்லிட்டேன். டாக்டர் திட்டலை. "அவரே கையெழுத்துப் போடலாம்மா, அது இல்ல பிரச்சினை. அறுத்தப்புறம் ராவும் பகலும் பக்கத்துல ஆள் வேணும். இருக்கிற நர்சுகளை வச்சு என்னால முடியாது. சொந்தக்காரங்க யாரையாவது கூட்டிட்டு வா"ன்னாரு. அண்ணாச்சிக்குச் சொந்தம்னு யாரும் இல்லை. நான் இருக்கலாம்னா, கைப்பிள்ளையோட வார்டுல விட மாட்டாங்க. அக்காவுக்குப் பகல் பூரா மத்தவங்களைக் கூட்டிட்டுப் போற வேலை. மருந்து வச்சுக் கட்டி அனுப்பிட்டாங்க.

வராந்தாவுல உக்காந்து நான் அழுதேன். கால் போகப்போறது அவருக்கு, சமாதானம் சொன்னதும் அவருதான்: "பொய்யச் சொல்லியாவது எனக்கு ஒரு மக கெடைச்சா. நெசத்தச் சொல்லி அவளையும் இல்லாம ஆக்கிப்புட்டியே தாயி!"

சூலக்கரையில

ஆள் இல்லாதவங்களுக்கு ஆஸ்பத்திரியே ஒரு ஆளைப் போடணும்னு கேக்குறதுக்காக, திங்கக்கிழமை மனு குடுக்குற கூட்டத்துக்குச் சூலக்கரையில இருக்கிற கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். அக்கா, இடுப்புல பாப்பாவோட நான், அப்புறம் அண்ணாச்சி. "நீரு படுத்துக் கெடயும், நாங்க பேசிட்டு வாறோம்"னு அக்கா எம்புட்டோ சொன்னா. "என் காலுக்குத்தான கூட்டம், அது வராம எப்படி?"ன்னு பிளாஸ்டிக் பையைக் காலுல கட்டிக்கிட்டு வந்துட்டாரு.

பேச வேண்டியது நான்னு அக்கா முடிவு பண்ணியிருந்தா. "என் மூஞ்சியைப் பார்த்தா நிவாரணம் கேட்டு வந்தவன்னு நெனச்சு வேற ரூமுக்கு அனுப்பிருவாக. நீ பேசு." பஸ்ஸுல வரும்போது பூராம் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். உள்ள போனா அம்புட்டுப் பெரிய மேசை, வரிசையா அதிகாரிக, நடுவுல சுகாதாரத்துறை டாக்டர் ஒருத்தரு. "சொல்லுங்கம்மா"ன்னாங்க. மனப்பாடம் பண்ணினது எல்லாம் போயிருச்சு. வாயில வந்தது ஒண்ணே ஒண்ணுதான்: "நான் மக இல்லைங்கய்யா." "யாருக்கும்மா?"ன்னு கேட்டாரு அதிகாரி. பின்னாடி வரிசையே சிரிச்சுச்சு. அக்கா என் இடுப்புல கிள்ளினதுல பாப்பா அழுதுச்சு, ஏன்னா கிள்ளு விழுந்தது பாப்பாவுக்கு.

அப்பத்தான் அண்ணாச்சி மேசையைப் பிடிச்சுக்கிட்டு முன்னால வந்தாரு. "அய்யா, நான் லோடுமேன். கீழ ஒருத்தன் பெட்டியத் தூக்கிக் குடுப்பான். லாரி மேல ஒருத்தன் நின்னு வாங்கி அடுக்குவான். தனியா வேலைக்கு வந்தவன்கிட்ட, ஒன் வீட்டுல இருந்து ஒரு ஆளக் கூட்டிட்டு வா, அப்பத்தான் லோடுன்னு எந்தக் கம்பெனிக்காரரும் சொன்னதில்ல. மேல நிக்கிற ஆளக் கம்பெனியே போட்டுரும். வேலை நடக்கணும்ல?" சுகாதாரத்துறை டாக்டர் பேனாவை மூடி வச்சுட்டு, "அப்ப நாங்க என்ன செய்யணும்னு சொல்றீங்க?"ன்னு நெசமாவே கேட்டாரு. என் காலைக் காப்பாத்துங்கன்னு கேக்கப்போறாருன்னு நான் சாமி கும்பிட்டுக்கிட்டு நின்னேன். அவரு கேட்டது வேற.

"தெருவுல இருந்து தூக்கிக் குடுக்குறத நாங்க பார்த்துக்கிடுறோம். மேல நின்னு வாங்குறதுக்கு ஒங்க ஆளு ஒருத்தரப் போடுங்க. என் காலு தப்புதோ இல்லையோ, எனக்குப் பின்னாடி பஸ் ஸ்டாண்டுல இன்னும் நெறைய லோடு கெடக்கு."

பக்கத்துக் கட்டில்

கேட்டதுல பாதி கிடைச்சுச்சு. ஆளில்லாதவங்களைப் பார்த்துக்கிடுறதுக்குன்னு அந்த வார்டுல ஒரு அம்மாவைப் போட்டாங்க. ஆனா பகலுக்கு மட்டும். ராத்திரிக்கு ஆள் இல்லைன்னுட்டாங்க. அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் சேர்த்து, விரல் ரெண்டையும் எடுத்தாங்க. பொழுது சாஞ்சதும் அக்கா போய் இருந்துக்கிடுவா.

அடுத்த கட்டில்ல ஒரு சம்சாரி. சொந்தமாக் காடு கரை உள்ளவரு. அவரு வீட்டுக்காரம்மா காதுல தோடு மின்னப் பக்கத்துலயே இருக்கும். அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டு ஆளுன்னு தெரிஞ்ச அன்னிக்கே தூக்குச்சட்டியை அந்தப் பக்கம் தள்ளி வச்சு, பாயையும் இழுத்துப் போட்டுக்கிடுச்சு. அதை நாங்க பெருசா எடுத்துக்கிடலை, எங்களுக்குப் பழக்கம்தான். அப்புறம் ஒருநாள் அக்காவுக்கு எந்திரிக்க முடியாத காய்ச்சல். வேற யாரும் சிக்கலை. அன்னிக்குச் சாயங்காலம் அண்ணாச்சி தனியாத்தான் கிடந்தாரு. மறுநாள் காலைல என்ன ஆயிருக்குமோன்னு ஓடிப்போய்ப் பார்க்கிறேன், அண்ணாச்சி மொகம் கழுவி, தலை சீவி உக்காந்திருக்காரு. அந்தம்மா தன் தூக்குச்சட்டியில இருந்து கஞ்சியை டம்ளர்ல ஊத்தி அவரு கையில குடுக்குது.

முந்தின நாள் சாயங்காலம் "இந்தக் கட்டிலுக்கு ஆள் எங்க?"ன்னு கேட்டப்ப அந்தம்மா என்ன சொல்லுச்சுன்னு அந்த நர்சம்மாவே எனக்குச் சொன்னாங்க: "ரெண்டு கட்டிலுக்கும் நாந்தான் ஆளு. என்ன உறவுன்னு கேட்டுப் பொழுதப் போக்காதீக, மனுசன் வலியில துடிக்காரு, ஊசியப் போடுங்க."

கட்டுப் பிரிச்ச அன்னிக்கு

கத்தி வச்சதோட முடியலை. புண்ணு ஆறாட்டி மறுபடியும் மேல அறுக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. கட்டைப் பிரிச்ச அன்னிக்கு நானும் அக்காவும் ரெண்டு பக்கமும் நின்னோம். பக்கத்துக் கட்டில் அம்மா தாலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. டாக்டர் அமுக்கிப் பார்த்தாரு, மோந்துகூடப் பார்த்தாரு. அப்புறம், "காலு தப்பிச்சிருச்சு"ன்னாரு. அக்கா செவத்துல சாஞ்சுக்கிட்டா.

அண்ணாச்சி குனிஞ்சு தன் காலைப் பார்த்தாரு. பிறகு சொன்னாரு: "ரெண்டு பேரு வேலைய விட்டு நின்னுட்டானுக. போறானுக, மிச்சம் இருக்கிறவனுகள வச்சு இந்த சீசன ஓட்டிக்கிடலாம்."

இன்னிக்கு அவரை ஆஸ்பத்திரியில இருந்து அனுப்புறாங்க. இங்க சன்னலோரமா ஒரு கட்டில் போட்டு வச்சிருக்கோம். சீட்டு வரிசையில நின்னு நின்னு கால் கடுத்திருக்கிற உங்களுக்கு எங்க தொழிலைப் பத்தி ஒரே வரியில சொல்லணும்னா, முன்னாடியெல்லாம் ஆஸ்பத்திரியில கட்டில் கிடைக்க நோயோட சேர்த்து ஒரு பொய்யையும் கொண்டு போக வேண்டியிருந்துச்சு, இப்பப் பகல்ல அந்தப் பொய் தேவையில்லைன்னு ஆகியிருக்கு, ராத்திரியிலயும் தேவையில்லைன்னு ஆகுறதுக்காக வர்ற திங்கக்கிழமை நாங்க மறுபடியும் சூலக்கரைக்கு, இருங்க, வாசல்ல அக்கா கத்துறா, "ஏ செல்வி, ஆட்டோ வந்துருச்சு! தள்ளுவண்டி வேணாம், நடந்துதான் வெளிய வருவேன்னு அண்ணாச்சி வார்டு வாசல்ல நின்னு அடம் பிடிக்காராம், நர்சம்மா போன் போட்டாக, ஓடியா புள்ள!" நான் போய் அவரு நடக்கிறதைப் பார்க்கணும், மிச்சத்தை வந்து எழுதுறேன்.